எட்டு போல்ட்டும் எட்டு லிங்கமும்

தசரதன் தன் ஐம்பத்தாறாவது வயதில் டிரம்ஸ் வாசிப்பது என்று தீர்மானித்தார். வெறும் ஆசை என்று யாராவது சொன்னால் கோபம் வரும். தீர்மானம்தான். முப்பது வருஷமாக கலெக்டர் ஆபீஸில் அடுத்தவர்கள் போட்ட தீர்மானங்களை ஃபைலில் கோத்துக் கட்டியே காலம் போய்விட்டது. சொந்தமாக ஒன்று போட அவருக்கு உரிமை இல்லையா?

விஷயம் பழசு. கல்லூரியில் படித்த நாளில் ஒரு திருவிழாக் கச்சேரியில், மேடைக்குப் பக்கவாட்டில் நாலு மணி நேரம் கால் கடுக்க நின்று டிரம்ஸ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முழுக்கப் பாட்டுக்காரரைப் பார்த்தது. ஆனால் நடுவில் ஒரு தடவை டிரம்ஸ் குச்சி கை நழுவி விழுந்தபோது பாட்டுக்காரரே நின்றுவிட்டார். அந்த ஒரு நொடி தசரதன் மனதில் ஒட்டிக்கொண்டது. நான் நின்றால் எது நிற்கும் என்று அவர் எப்போதாவது யோசிப்பார். ஒரு வாரம் லீவு போட்டுத் திரும்பினால் ஆபீஸில் மின்விசிறிகூட அதே சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். யாரும் "எங்க சார் போயிருந்தீங்க?" என்று கேட்டதில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது.

அந்தச் சமயத்தில்தான் வளவன் மாட்டினார். கூடப் படித்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சாயங்காலத்தில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். அவருடைய டிரம்ஸ்காரர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

"கீழ்பென்னாத்தூர்ல ஒரு ரிசப்ஷன் இருக்கு, இன்னும் ரெண்டு மாசத்துல" என்றார் வளவன். "நீ வாசிக்கிறியா?"

"நானா?"

"தாளம் உனக்கு வரும். ஆபீஸ் மேஜைல நீ தட்றத நான் கேட்டிருக்கேன். ஆனா ஒண்ணு. ஸ்நேர் ஒழுங்கா பேசணும். நான் நேர்ல வந்து காதால கேப்பேன். பேசுச்சுன்னா மேடை உன்னுது."

ஸ்நேர் என்பது டிரம்ஸ்காரரின் மடிக்கு நேரே இருக்கும் பளபள உருளை. அடியில் கம்பிச்சுருள் வைத்திருப்பார்கள். தட்டினால் 'கிண்' என்று பேச வேண்டும். கலைந்துபோன ஏதோ ஒரு குழுவிடமிருந்து தசரதன் முழு செட்டையும் வாங்கி, மினி வேனில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

அவர் மனைவி சரசு வாசலில் நின்று பார்த்தாள்.

"இது இன்னாது?"

"டிரம்ஸ்."

"அது தெரியுது. இங்க எதுக்கு வந்துச்சு?"

"வாசிக்கப் போறேன்."

"எவ்ளோ நாளைக்கு?"

"எவ்ளோ நாளைக்குன்னா? இது வாழ்க்கைத் தீர்மானம் சரசு."

"வாக்கிங் போறேன்னு போன வருசம் போட்டீங்களே, அதுகூட வாழ்க்கைத் தீர்மானம்தான். மூணு நாளு."

தசரதன் ஒரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வாக்கிங் பேச்சு வந்தால் அவருக்கு ஒரு காது கேட்காது. சர்க்கரை ஜாஸ்தி, தினம் நடந்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. தசரதனின் அண்ணனுக்கு இதே சர்க்கரையில் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றவள் சரசு. வீட்டுக்கு வந்த பிறகு நாலு நாள் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தசரதன் தூங்கும்போது போர்வையை விலக்கி அவர் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுப்பாள். நடங்க என்று கெஞ்சினாள், கத்தினாள், கோலத்தில்கூட ஒரு நாள் எழுதினாள். அவர் அதைத் தாண்டி வண்டியில் ஏறி ஆபீஸ் போனார்.

செட்டுக்கு முன்னறையில்தான் இடம் கிடைத்தது. அறையின் மறுபாதி சரசுவுடையது. அவள் பன்னிரண்டு வருஷமாக ஆரி வேலை செய்கிறாள். ப்ளவுஸ் துணியை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் பூவும் மயிலும் போடுகிற வேலை. ஊரில் பாதிக் கல்யாணப் பெண்களின் கைகளில் சரசுவின் மயில்தான் ஆடும். இந்தப் பக்கம் சட்டம், அந்தப் பக்கம் டிரம்ஸ். நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு நடைபாதை.

ஞாயிற்றுக்கிழமை காலை. தசரதன் ஸ்நேருக்குப் புதுத் தோல் மாட்டினார். தோல் என்பது பேருக்குத்தான், வெள்ளை பிளாஸ்டிக். அதை வளையம் போட்டு அமுக்கி, சுற்றிலும் போல்ட்டுகளை ஒரு சின்னச் சாவியால் முறுக்க வேண்டும். அவர் போல்ட்டுகளை எண்ணினார். எட்டு.

எட்டு! அவருக்குப் புல்லரித்தது.

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன் கண்ணுக்கு, வட்டமாக ஒன்று இருந்து அதைச் சுற்றி எட்டு இருந்தால் அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்க்கர் பேனாவை எடுத்து ஒவ்வொரு போல்ட்டுக்குப் பக்கத்திலும் எழுத்துப் போட்டார். கிழக்கே இ. அடுத்து அ, எ, நி, வ, வா, கு, கடைசியில் ஈ. மலையைச் சுற்றிக் கிரிவலப் பாதையில் இருக்கிற இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசானிய லிங்கம் வரை எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

போன் வீடியோவில் ஒரு பையன் பாடம் எடுத்தான். "ஒரு போல்ட்ட முறுக்கினதும் நேர் எதிர்ல இருக்கிற போல்ட்டுக்குப் போங்க" என்றான். தசரதன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் சரசு, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முட்டாப் பய. எதிர்ப்பக்கம் போங்கன்றான். இந்திரனைக் கும்பிட்டுட்டு நேரா வருணனுக்கு எவனாவது போவானா? நடுவுல மலை இருக்குல்ல? வரிசையாத்தான் போணும். வலமாத்தான் போணும்."

"அது டிரம்முங்க."

"வட்டம் வட்டம்தான்."

வரிசையாகப் போனார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அரைச் சுற்று. இந்திரனுக்குப் பக்கத்தில் தட்டினால் 'கிண்'. ஈசானியத்துக்குப் பக்கத்தில் தட்டினால் 'தொப்'. தோலில் அந்த ஓரம் மட்டும் சுருக்கம். சரி என்று ஈசானியத்தை நன்றாக முறுக்கினார். இப்போது எமலிங்கம் அழுதது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் அடியில் கம்பிகள் 'கிர்ர்ர்' என்று பதில் சொல்லின. அவர் தட்டினால் மட்டும் ஒழுங்காகப் பேச மறுத்தது.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் இருந்த இரண்டு சின்ன டிரம்முகளில் ஆறு ஆறு போல்ட்டுதான். ஆறுக்கு வலம் போகிற முறை எதுவும் தோன்றாததால் அவற்றை மனம்போனபடி இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று முறுக்கியிருந்தார். அவை இரண்டும் முதல் தட்டிலேயே அழகாகப் பேசின. அதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சரசுவுக்கு உறைத்தது. ஆனால் அவள் சொல்லவில்லை.

பத்து மணிக்கு அவர் வியர்த்து வழிந்து நிமிர்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பதினோரு கிரிவலம் முடித்திருந்தார்.

"அதுல ஒண்ணே ஒண்ணு காலால சுத்தியிருந்தா டாக்டரு சந்தோசப்பட்டிருப்பாரு" என்றாள் சரசு. சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவளாகக் கொஞ்ச நேரம் ஊசியை நிறுத்தினாள்.

"என்னங்க."

"ம்."

"மாவ அரைச்ச உடனே தோசை ஊத்துவமா?"

"அதுக்கும் இதுக்கும் என்னா?"

"புதுத் தோலுங்க. முறுக்கிட்டு அப்படியே வுட்டுடணும். நாலு மணி நேரம். தானா உக்காரும். என் துணிகூட சட்டத்துல கட்டின உடனே ஊசி போட மாட்டேன். நீங்க அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா தட்டிக்கிட்டே இருந்தா அது எப்பிடி உக்காரும்?"

தசரதனுக்கு இது நியாயமாகப் பட்டது. ஆபீஸில்கூட ஃபைலை அப்படியே விட்டால் பாதி தானாகச் சரியாகும்.

"சரி, தட்டல."

"உங்களால முடியாது. கை சும்மா இருக்காது. எழுந்து எங்கயாச்சும் போங்க. மலைய சுத்திட்டு வாங்களேன், நாலு மணி நேரம் கரெக்டா இருக்கும்."

வாக்கிங் என்று சொல்லியிருந்தால் அவர் செவிடாகியிருப்பார். இது டிரம்ஸ். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த வெயிலிலேயே கிளம்பினார். பதினாலு கிலோமீட்டர். திரும்பி வந்து, பாதம் எரிய, குச்சியை எடுத்துத் தட்டினார்.

'கிண்.' எட்டு இடத்திலும் ஒரே 'கிண்'.

"சரசு! உக்காந்துருச்சு!"

"நான்தான் சொன்னேன்ல" என்றாள் அவள், மயிலுக்குக் கண் வைத்துக்கொண்டே.

அடுத்த ஞாயிறு பார்த்தால் மறுபடி தளர்ந்து கிடந்தது. புதுத் தோல் அப்படித்தான் இருக்கும் போல என்று முறுக்கினார். ஆனால் தசரதன் மூடநம்பிக்கைக்காரர் இல்லை. எதையும் சோதித்துப் பார்ப்பவர். முறுக்கிவிட்டு, மலைக்குப் போவதாகச் சொல்லி, வளவன் வீட்டுக்குப் போய் நாலு மணி நேரம் உட்கார்ந்து அரட்டை அடித்துவிட்டுத் திரும்பினார். சரசு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தாள். பாதம் சுத்தமாக இருந்தது. அவர் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

தட்டினார். 'தொப்.'

மூன்றாவது ஞாயிறு ஒழுங்காக நடந்துவிட்டு வந்தார். 'கிண்.' ஆராய்ச்சி முடிந்தது. வளவனுக்குப் போன் போட்டார்.

"நாலு மணி நேரம் தனியா வுடணும்டா. அது மட்டும் போதாது. நாம ஊருக்குள்ள இருக்கக் கூடாது. மலைக்கு அந்தாண்ட போயிட்டு வரணும்."

"இது எந்தப் பாடத்துல இருக்கு?"

"அனுபவம்டா" என்றார் தசரதன் அடக்கமாக.

சரசு ஒரு விதியையும் சேர்த்தாள். எட்டு லிங்கத்திலும் விபூதி வாங்கி, எட்டுத் தனிப் பொட்டலமாக, பேர் எழுதிக் கொண்டுவர வேண்டும். அந்தந்த போல்ட்டுக்கு அந்தந்த விபூதி வைப்பாளாம். அதுவும் அவருக்கு முறையாகப் பட்டது. வெயிலுக்கு முன்னே முடியட்டும் என்று விடிகாலை ஐந்துக்கெல்லாம் கிளம்பவும் பழகிக்கொண்டார். வாரங்கள் போயின. பேண்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. சரசு எதுவும் பேசாமல் இரண்டு பேண்டை உள்ளே பிடித்துத் தைத்தாள்.

ஏழாவது ஞாயிறு. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வளவன் கேட்க வருவதாக இருந்தது. தசரதன் ஐந்து மணிக்கே கிளம்பி, வருண லிங்கம் வரை பக்தியாகவே நடந்தார். ஐந்து பொட்டலம் சேர்ந்துவிட்டது. அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் போண்டாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. மூன்று சாப்பிட்டார். சாப்பிட்டதும் கால் சோர்ந்தது. அப்போது பார்த்து, அவர் தெருக்காரனான ராமதாஸ் யாரையோ இறக்கிவிட்டு ஆட்டோவைத் திருப்பினான்.

"வீட்டுக்கா சார்? ஏறுங்க."

சாமிக்குத் தெரியாதா தன் கால் வலி, என்று தசரதன் ஏறிக்கொண்டார். தெருமுனையிலேயே இறங்கி, "ராமதாஸு, அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார்.

"நான் ஏன் சார் சொல்றேன்?"

மணி எட்டு. இவ்வளவு சீக்கிரம் உள்ளே போக முடியாது. முன்னறை ஜன்னல் பக்கமாக மெதுவாக நடந்தார். உள்ளே 'டிக், டிக்' என்று ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தார்.

சரசு ஸ்நேருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் சாவி. இந்திரனை ஒரு திருகு. உடனே எதிரே வருணனை ஒரு திருகு. அக்கினிக்கு ஒன்று, எதிரே வாயுவுக்கு ஒன்று. எமனுக்கு எதிரே குபேரன். நிருதிக்கு எதிரே ஈசானியம். மலையை நாலு தடவை குறுக்கே தாண்டிவிட்டாள். பிறகு ஆரி ஊசியின் மரப்பிடியால் ஒவ்வொரு போல்ட்டுக்குப் பக்கத்திலும் தட்டி, கண்ணை மூடி, காதைச் சாய்த்துக் கேட்டாள். ஒன்றில் முகம் சுளித்தாள். மயிரளவு திருகினாள். மறுபடி தட்டினாள். 'கிண்.' சிரித்துக்கொண்டாள்.

சட்டத்தில் துணியை எதிரெதிராக இழுத்துக் கட்டிவிட்டு இப்படித்தான் விரலால் தட்டிப் பார்ப்பாள். பன்னிரண்டு வருஷமாக அவர் கண் முன்னால்தான் தட்டியிருக்கிறாள். அவர் ஒரு நாளும் அது எதற்கென்று கேட்டதில்லை.

முதலில் தசரதனுக்குக் கோபம் வந்தது. சனிக்கிழமை ராத்திரி கிண்ணென்று இருந்தது ஞாயிறு காலையில் ஏன் தளர்ந்து கிடந்தது என்பதும் இப்போது விளங்கியது. பிறகு கோபம் நிற்கவில்லை. அவள் அந்தத் தோலின் ஒவ்வொரு ஓரத்தையும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடங்க, நடங்க என்று அவள் இரண்டு வருஷம் சொன்னதை இந்த மனுஷன் அதில் பாதிப் பொறுமையோடாவது கேட்டாரா? போர்வையை விலக்கிப் பாதம் பார்க்கிறவள். தனக்காக இவ்வளவு பொய்யை இவ்வளவு ஒழுங்காக வேறு யார் சொல்வார்கள்? அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கண்கூடக் கலங்கியது.

அந்த நல்ல மனநிலை ஐந்து நிமிஷம் இருந்தது. பிறகு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

இவள்தான் முறுக்குகிறாள் என்றால், தான் நடப்பதற்கும் டிரம்முக்கும் சம்பந்தமே இல்லை. இனி ஞாயிறுதோறும் அடி அண்ணாமலை வரை போனால் போதும். போண்டா. டீ. ராமதாஸ். நாலு மணி நேரம் கழித்து வீடு. அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம்; கேட்டால், நீங்க ஏன் எட்டு மணிக்கு ஜன்னலாண்ட நின்னீங்க என்பாள். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக, அவளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கோயில் பக்கம் போய் ஒரு மண்டபத்து நிழலில் உட்கார்ந்தார். போண்டா கொடுத்த காகிதம் சட்டைப் பையில் இருந்தது. அதை மூன்றாகக் கிழித்தார். ஐந்து பொட்டலத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் விபூதி எடுத்து மூன்று புதுப் பொட்டலம் மடித்தார். வாயு, குபேரன், ஈசானியம் என்று அழகாகப் பேர் எழுதினார். பாட்டில் தண்ணீரைக் கழுத்தில் விட்டுக்கொண்டார். பாதத்தைப் புழுதியில் நன்றாகத் தேய்த்தார். ஒன்பதரைக்கு, நொண்டியபடி வீட்டுக்குள் நுழைந்தார்.

"வந்துட்டீங்களா? இன்னைக்கு ரொம்ப வேர்த்திருக்கே."

"வெயில் ஜாஸ்தி."

"விபூதி?"

எட்டுப் பொட்டலத்தையும் அவள் கையில் கொடுத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவருக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"போய்க் குளிங்க. நான் போல்ட்டுக்கு விபூதி வெச்சிடறேன்."

குளியலறையில் இரண்டு பாட்டுப் பாடினார். தலை துவட்டி, புதுச் சட்டை போட்டு, வளவன் முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். குச்சியைச் சுழற்றி, ஓங்கி ஒன்று வைத்தார்.

'தொப்.'

தோலில் அலை அலையாகச் சுருக்கம். சற்று முன் ஜன்னலில் நின்று தன் காதாலேயே கேட்ட 'கிண்' எங்கே? ஓரமாகத் தட்டினார். இந்திரன் சரி. அக்கினி சரி. எமன், நிருதி, வருணன் எல்லாம் சரி.

"என்னங்க, சரியா உக்காரலையா?" என்றாள் சரசு.

"மூணு மட்டும்... லூசா இருக்கு."

"எந்த மூணு?"

தசரதன் மார்க்கர் எழுத்துகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் படித்தார். "வா... கு... ஈ."

சரசு பொட்டலங்களை மரச்சட்டத்தின் மேல் வரிசையாகப் பிரித்து வைத்திருந்தாள். ஐந்து காகிதம் வெள்ளையாக இருந்தது. மூன்று காகிதம் எண்ணெய் ஊறி, அடியில் இருந்த மயில் தெரிந்தது. அவள் குனிந்து ஒன்றை நிதானமாகப் பார்த்தாள்.

"குபேர லிங்கத்துல இப்போ விபூதிகூட பச்ச மொளகாயும் தர்றாங்களா?"

தசரதன் மேற்கூரையைப் பார்த்தார். நாலு மணிக்கு வளவன் வந்துவிடுவார். முப்பத்தைந்து வருஷம் காத்திருந்த மேடை. சாவி அவள் இடுப்பில் செருகியிருந்தது; அதன் முனை அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"சரசு... நீ கொஞ்சம் அந்த மூணையும் மட்டும்..."

"நானா? எனக்கு என்னங்க தெரியும்? நான் துணில பூப் போடறவ."

நீ முறுக்கியதைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. எப்போது பார்த்தீர்கள் என்ற கேள்விக்குத்தான் வாய் இல்லை. வெளியே ஆட்டோ ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது.

"மணி பத்தாவுது. இன்னும் நேரம் கெடக்கு, பதறாதீங்க" என்றாள் சரசு, அவருடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்தபடி. "ராமதாஸ வரச் சொல்லியிருக்கேன். காலைல எங்க ஏத்தினாரோ, அங்கயே எறக்கி வுட்ருவாரு."